சக்கரக் காம்பரா அலோசியஸ்

அலோசியஸைப் போல நல்ல மனிதனை நான் பார்த்ததில்லை. அவரைப் போல எனக்கு எரிச்சல் மூட்டிய மனிதனையும் பார்த்ததில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நல்லதை மட்டும் சொன்னால் கோயில் சுரூபத்தைப் பற்றிச் சொன்ன மாதிரி இருக்கும். அந்த மனிதனோ சுரூபம் இல்லை, கிரீஸ் கறையும் வியர்வையுமாக நின்றவர்.

தலவாக்கலையில் எங்கள் மிஷனுக்கு ஒரு மருந்து வண்டி இருந்தது. உலக யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் விட்டுப்போன ட்ரெய்லர் அது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டே சக்கரம். அதன்மேல் பலகையில் ஒரு வீடு கட்டி, தகரக் கூரை போட்டு, இடப்பக்கம் கதவு வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு கட்டில், மருந்து அலுமாரி, தண்ணீர்த் தொட்டி. ஒரு பழைய லொறி அதை இழுத்துக்கொண்டு தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போகும். லிந்துலை, வட்டகொடை, கொத்மலைப் பக்கத்து மேட்டுத் தோட்டங்கள் என்று ஒவ்வொன்றிலும் சில நாள் நிற்கும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுதான் லயம். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, அதற்குப் பெயர் காம்பரா. சனம் எங்கள் வண்டிக்குச் 'சக்கரக் காம்பரா' என்று பெயர் வைத்துவிட்டது. லொறியை ஓட்டியவர் அலோசியஸ். வண்டியில் நேர்ஸும் மருத்துவச்சியும் நான்தான், இசபெல். 1952இல் தொடங்கி, வண்டி ஓடிய காலம் பூராவும் நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டே அந்த மலைகளைச் சுற்றினோம்.

அந்த இரண்டு டயரையும் அலோசியஸ் பார்த்துக்கொண்ட அழகைப் பார்க்க வேண்டும். காலையில் வண்டி அசையுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே, காற்றை அளந்து பார்ப்பார். குறைந்திருந்தால் கைப்பம்பை எடுத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க அடிப்பார். நாங்கள் தங்கும் இடத்தில் வண்டியை ஜாக்கியால் தூக்கி, அடியில் மரக்கட்டை கொடுத்து, டயர்மேல் பாரம் விழாமல் நிறுத்துவார். வெயில் பட்டால் ரப்பர் வெடிப்பு விடும் என்று சாக்குப் போட்டு மூடுவார். இறக்கத்தில் அடிக்கடி நிறுத்தி, இறங்கிப்போய், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி இரண்டு டயரையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பார்.

"காத்து கொறைஞ்சா டயரு நெளியும் மிஸ்ஸி. நெளிஞ்சா சுடும். சுட்டா வெடிக்கும்" என்பார்.

"நேரத்துக்குப் போய்ச் சேர்ற வழியப் பாருங்க" என்பேன் நான்.

இவ்வளவு பார்த்தும் டயர் வெடித்தது. லிந்துலை இறக்கத்தில் ஒரு தடவை. புது டயர் போட்டோம். அதுவும் வட்டகொடைப் பக்கம் ஒரு வளைவில் துப்பாக்கி சுட்ட மாதிரி வெடித்து, வண்டி சரிந்து, என் மருந்துப் போத்தல்களில் பாதி தரையில் ஓடியது. அடுத்ததும் வெடித்தது. எப்போதும் இடப்பக்க டயர்தான். தோட்டத்துப் பெண்கள் "கண்ணு பட்டிருச்சி" என்று முடிவு கட்டி, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்து, கூடவே பெரிய பூசணிக்காய் ஒன்றையும் வண்டிக்குப் பின்னால் கட்டித் தொங்கவிட்டார்கள். நான் என் பங்குக்கு ஆசீர்வாதத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். டயருக்கு இரண்டுமே உறைக்கவில்லை.

மூன்றாவது டயர் போனதும் மிஷன் மேனேஜர் சூசைரட்ணம் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இன்னும் ஒரு டயர் வெடிச்சா, வண்டிய வித்திருவேன். மருந்து வேணும்னா சனம் எறங்கி வரட்டும்."

மேட்டுத் தோட்டத்திலிருந்து பிள்ளைத்தாய்ச்சி எப்படி இறங்கி வருவாள் என்று அவருக்குத் தெரியாதா? கம்பளியில் கட்டி, கம்பில் கோர்த்து, நான்கு பேர் தோளில் சுமந்து வருவார்கள். பாதி வழியில் பிள்ளையும் போய்த் தாயும் போன கதைகள் எனக்குத் தெரியும். அந்தக் கதைகள் எல்லாம் மறுபடியும் தொடங்கப் போகின்றன என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. அலோசியஸோ லயத்தில் பிறந்த மனிதர். அந்தக் கம்பில் ஒரு முனையைத் தானே சுமந்திருக்கிறார்.

அடுத்த டயருக்காகத் தலவாக்கலை கடைவீதிக்குப் போனோம். டயர்க்கடை சிதம்பரநாதன் வெளியே வந்து, வண்டியை முன்னால் நின்று பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார்.

"டயர் விக்கிறதுதான் என் பொழப்பு. ஆனா இந்த வண்டிக்கு இன்னொண்ணு விக்க எனக்கே வெக்கமா இருக்கு. இந்தப் பக்கம் எப்பிடிச் சாஞ்சி நிக்குது பாருங்க. உள்ள என்னத்த வச்சிருக்கீங்க?"

"மருந்து" என்றேன்.

அவர் கதவைத் திறந்து என் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் போடத் தொடங்கினார். ஐயோ, அந்த வெட்கத்தை எங்கே சொல்ல! உருளைக்கிழங்கு மூட்டை வந்தது. முட்டைக்கோவா வந்தது. கரட், லீக்ஸ், வாழைக்குலை, பிளந்த விறகுக் கட்டுகள், தேன் போத்தல், கடைசியில் ஒரு அம்மிக்கல். வீதி நிறையக் கூட்டம் கூடிவிட்டது.

"மிஸ்ஸி, மருந்துக் கடையா, மரக்கறிக் கடையா?" என்று எவனோ கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

தோட்டத்துச் சனம் எங்களை வெறுங்கையோடு அனுப்பியதே இல்லை. லயத்துக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து அலோசியஸின் கையில் திணிப்பார்கள். அவர் வாங்கிக் கதவோரமாக உள்ளே தள்ளுவார். சுற்று முடிந்ததும் மிஷன் அனாதை விடுதியில் இறக்குவார். காய்கறி ஏறுவது எனக்குத் தெரியும். ஆனால் அம்மிக்கல் வரைக்கும் போயிருக்கும் என்று நான் கண்டேனா? பிள்ளைப்பேறு பார்க்கிறவள் கட்டிலுக்கு மேலே பார்ப்பாளா, கீழே குனிந்து பார்ப்பாளா?

"தாங்குற அளவுக்கு மேல பாரம், அதுவும் ஒரே பக்கமா" என்றார் சிதம்பரநாதன். "எந்த டயர் நிக்கும்?"

"தெரியுங்க" என்றார் அலோசியஸ்.

"என்ன தெரியும்?" என்று நான் திரும்பினேன்.

"பாரந்தான்னு மொத டயரு வெடிச்சப்பவே தெரியும் மிஸ்ஸி."

கடைவீதி என்றும் பார்க்காமல் கத்தினேன். "தெரிஞ்சிக்கிட்டா இருந்தீங்க? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மூணு டயரு மிஞ்சியிருக்குமே!"

"அதத்தான் மிஸ்ஸி எனக்குச் சொல்ல வராது."

பிறகு கோவாக்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டே சொன்னார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருடைய அப்பா கங்காணியோடு மல்லுக்கு நின்றாராம். வேலை போயிற்று, வேலை போனால் காம்பராவும் போயிற்று. பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடந்திருக்கிறார்கள். போன லயத்தில் எல்லாம் யாராவது ஒரு பொம்பளை வந்து ஒரு பிடி அரிசியோ ஒரு கிழங்கோ கொடுத்தாளாம்.

"அதுகளே இல்லாத சனம் மிஸ்ஸி. இருந்தும் குடுத்துச்சுங்க. அத வாங்கித் தின்னு உசுரோட வந்தவன் நான். குடுக்கிற கைய எப்பிடித் தள்ளுறது?"

என் கோபம் அதற்கு மேல் நிற்கவில்லை. ஆனாலும் டயருக்கு இந்தக் கதை எல்லாம் விளங்குமா? "நீங்க சொல்ல வேணாம். நான் சொல்றேன்" என்றேன்.

சொன்னேன். வட்டகொடைக்கு மேலே வெள்ளைப்பாறைத் தோட்டம் என்று ஒன்று. அங்கே மீனம்மா என்று ஒருத்தி, வாயும் கையும் பெரியவள். அவள் மகள் வீரம்மாவுக்குத் தலைப்பிள்ளை, நிறைமாதம். போன தடவை தொட்டுப் பார்த்தபோது பிள்ளையின் தலை மேலே இருந்தது, கால் கீழே இருந்தது. அந்தப் பெண்ணை நான் தினமும் பார்க்க வேண்டும், வலி கண்டதும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். நாங்கள் போய் நின்றதுமே மீனம்மா இரண்டு கோவாவை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தாள்.

"வேணாம்" என்றேன். "இனிமே யாரும் ஒண்ணும் கொண்டுவர வேணாம். எடுத்துக்கிட்டுப் போங்க."

மீனம்மாவின் முகம் சுண்டிப் போயிற்று. கோவாக்களோடு திரும்பிப் போனாள்.

மறுநாள் காலை மருந்துக்கு ஒருத்தரும் வரவில்லை. இருமல்காரர் வரவில்லை, புண்காரர் வரவில்லை, வீரம்மாவும் வரவில்லை. பீலிக்கரையில் தண்ணீர் பிடித்த பெண்கள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டயரைக் காப்பாற்றி வைத்து, வெறும் வண்டியை இழுத்துக்கொண்டு திரிவதா? எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தன. அலோசியஸ் லொறியிலிருந்து இறங்கி, "வாங்க மிஸ்ஸி" என்று லயத்தைப் பார்த்து நடந்தார். நான் பின்னால் போனேன்.

மீனம்மா வாசலிலேயே நின்றாள். "வாங்க அலோசு. எங்க கைப்பட்ட சாமான் ஆகாதாமே மிஸ்ஸியம்மாவுக்கு."

"நான் எப்ப அப்பிடிச் சொன்னேன்?" என்று பாய்ந்தேன்.

"வாயால வேற சொல்லணுமா?"

"அக்கா" என்றார் அலோசியஸ். "நெறமாசக்காரி தலையில கொழுந்துக் கூடைய ஏத்துவீங்களா?"

"எந்தப் பாவி ஏத்துவா?"

"நம்ம வண்டிக்கும் அதே கததான். கல்லு மாதிரி மருந்து அலுமாரி, தண்ணித்தொட்டி, அதுக்கு மேல நீங்க எல்லாரும் குடுக்கிறது. எல்லாம் சேந்து அந்த எடப்பக்க டயரு தலையிலதான் ஏறுது. இன்னொண்ணு வெடிச்சா வண்டிய வித்துருவாங்க. அப்புறம் நம்ம வீரம்மாவக் கம்பளியிலதான் கட்டித் தூக்கணும்." அடுத்த வார்த்தைக்கு அந்த மனிதர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "அதனால... வண்டியில இனிமே ஒண்ணும் ஏத்த வேணாம்க்கா."

மீனம்மா அவரையே பார்த்தாள். "அப்ப எங்க வீட்டுது வேணாம்?"

"வண்டிக்குத்தான் வேணாம். எனக்குப் பசிக்கிது. ஆக்கிப் போடுங்க, தின்னுட்டுப் போறேன்."

பக்கத்துக் காம்பராக்களிலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பச்சைக் காய்கறியை யார் கையிலிருந்தும் யாரும் வாங்கலாம். அந்தக் காம்பராவுக்குள் போய், சாக்கில் உட்கார்ந்து, அந்தச் சட்டியில் வெந்ததைச் சாப்பிடுவது வேறு. கணக்கப்பிள்ளை செய்யமாட்டார், வாத்தியார் செய்யமாட்டார். வயிற்றோட்டத்துக்குப் பயந்து மிஷனும் எங்களுக்குத் தடை போட்டிருந்தது. நான் எப்போதும் டப்பாவில் சாப்பாடு கொண்டுபோகிறவள். நான் அதை எல்லாம் நினைத்து முடிப்பதற்குள் அலோசியஸ் உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நானும் குனிந்து நுழைந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். சுடச்சுட ரொட்டியும், அதே கோவாவில் ஒரு சுண்டலும், கண்ணில் தண்ணீர் வர ஒரு சம்பலும் வந்தன. மீனம்மா ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகைதான், சம்பல்மேல் பழி போட்டேன்.

மத்தியானம் மருந்துக்கு வரிசை பீலிக்கரை வரைக்கும் நின்றது. அதற்குப் பிறகு போன இடமெல்லாம் இதுதான் ஏற்பாடு. வண்டியில் ஏற்றுவது கிடையாது, வீட்டில் வந்து சாப்பிடுவது. நான் இரண்டு சுற்றுப் பருத்துப்போனேன் என்று அலோசியஸ் சொல்லித் திரிந்தார். மருந்து வண்டியின் பாரத்தில் என்னையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த தைரியத்தைப் பாருங்கள்!

வெள்ளைப்பாறையில் அந்தத் தங்கலின் கடைசி நாள். கொழுந்து எடுக்கும் நேரத்தில் வீரம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. எங்கள் வண்டிதான் வழி. கட்டிலில் அவளைப் படுக்கவைத்துத் திரும்பிப் பார்க்கிறேன், சொந்தபந்தம் பூராவும் பாய், பானை, விறகு, கோழி சகிதம் ஏற வந்து நிற்கிறது. ஒருத்தி பெற வலித்தால் ஊரே கூடப் போவது அங்கே வழக்கம்.

அலோசியஸ் கதவை மறித்து நின்றார். "அம்மா மட்டும் ஏறட்டும். வேற யாரும் ஏறக்கூடாது."

"நான் மாமன்யா!" என்று ஒருவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"மாமனா இருந்தாலும் நடந்து வாங்க."

யார் பேசுவது என்று நானே எட்டிப் பார்த்தேன். அவர் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டு வடித்தார். கட்டிலை வண்டியின் நடுவுக்கு இழுத்தார். கண் திருஷ்டிப் பூசணிக்காயைக் கூட அறுத்துக் கீழே வைத்தார். இரண்டு டயரிலும் காற்றை அளந்தார். பிறகுதான் லொறியில் ஏறினார்.

ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும். லயத்துச் சனத்துக்கோ தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதை இருக்கிறது. முதல் வளைவில் லொறி மெதுவாகி நின்றபோது, அலோசியஸ் ஏறவிடாமல் தடுத்த அத்தனை பேரும் அங்கே மூச்சு வாங்க நின்றார்கள். அந்த மாமன்காரர் ஓடிவந்து டயர்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சுடல! போங்க!"

அடுத்த வளைவிலும் அவர்கள்தான். "சுடல! போங்க!" உள்ளே வீரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தேன். அதற்கும் அடுத்த வளைவில் குரல் மாறியது. "எடப்பக்கம் கொஞ்சம் சுடுதே!"

லொறி நின்றேவிட்டது. வீரம்மா கத்தினாள். பிள்ளை இறங்கத் தொடங்கியிருந்தது.

ஜன்னலால் தலையை நீட்டிக் கத்தினேன். "என்னய்யா நிக்கிறீங்க? எடுங்க வண்டிய!"

"மாட்டேன் மிஸ்ஸி."

"என்னது?"

"மாட்டேன். இப்ப எடுத்தா கீழ் வளைவுல வெடிக்கும். வெடிச்சா வண்டி பள்ளத்துல. ஆறட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை என்ன சொல்லித் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. ஒருவர் தண்ணீர் ஊற்ற ஓடினார். சூட்டில் தண்ணீர் பட்டால் ரப்பர் கெட்டுப்போகும், வேண்டாம் என்று அலோசியஸ் தடுத்துவிட்டார். டயர்மேல் கையை வைத்தபடி குந்தியிருந்தார். அவர் உதடு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. மற்றவர்களும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். வீரம்மா ஒவ்வொரு தடவை கத்தும்போதும் அவர் கண்ணை இறுக்கி மூடினார். கையை மட்டும் எடுக்கவில்லை. பிறகு எழுந்து, "போகலாம்" என்றார்.

கீழ் வளைவைத் தாண்டினோம். டயர் வெடிக்கவில்லை.

சூசைரட்ணம் பிறகு ஒரு நாள் வந்து, இரண்டு டயரையும் காலால் தட்டிப் பார்த்து, "சரி, ஓடட்டும்" என்றதும், அந்த வண்டி 1964 வரைக்கும் மலை ஏறி இறங்கியதும், அதில் எத்தனையோ பிள்ளைகள் பிறந்ததும் எல்லாம் பின்னால் நடந்தவை. அன்றைக்கு நாங்கள் ஆஸ்பத்திரி வரைக்கும் போகவில்லை. வட்டகொடையில் ரயில் வருகிறது என்று கேட்டைப் போட்டிருந்தார்கள். அந்தக் கேட்டடியில், ரயில் கடகடவென்று போகிற சத்தத்துக்கு நடுவே, கால் முதலாக ஒரு பெண் பிள்ளை பிறந்தது. அது அழுவதற்கு எடுத்த நேரத்தில் என் உயிர் பாதி போயிற்று. அழுதது, மாதாவே, என்ன அழுகை!

மீனம்மா பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு படியில் இறங்கினாள். குறுக்கால் ஓடிவந்த சனம் ரோட்டு முழுக்க நின்றது. அலோசியஸ் வழக்கம்போல டயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அவள் நேராக அவரிடம் போய் இரண்டு கையையும் நீட்டினாள்.

"என்ன அலோசு, இதையும் வேணாம்னு சொல்லுவீங்களா?"

அவர் எழுந்து, கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கறை கூடியது. கடைசியில் அப்படியே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் விம்மி விம்மி அழுதார். கேட்டைத் திறந்த பிறகும் நாங்கள் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.